முடியைப் பொன்னிறமாக்கப் போகும் மகளுக்கு

கண்ணு,

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை ராத்திரி பார்லரை மூடின பிறகுதான் கேட்டேன். முடியை வீட்டிலேயே பிளீச் பண்ணிப் பொன்னிறமாக்கப் போகிறேன், திட்டாதேம்மா என்று சொல்லியிருந்தாய். திட்டமாட்டேன். உன் தலை, உன் ஆசை. பாட்டியிடம் நான் பேசிக்கொள்கிறேன். ஆனால் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடுவேன் என்றாயே, அது மட்டும் வேண்டாம்.

நம் வீட்டு முடி அடர் கறுப்பு. எங்கள் தொழிலில் கறுப்பை 1, வெளிர் மஞ்சளை 10 என்று கணக்கு வைப்போம், நீ கேட்பது 9, 10. கறுப்பு ஒரே மூச்சில் அங்கே போகாது. முதலில் செம்பழுப்பு, அப்புறம் ஆரஞ்சு, மஞ்சள், கடைசியில்தான் வாழைப்பழத் தோலின் உள்பக்கம் மாதிரி ஒரு வெளிர் மஞ்சள். முடிக்குள் இருக்கும் கறுப்பு நிறமி முதலில் போய்விடும், சிவப்பும் மஞ்சளும் அவ்வளவு லேசில் விடாது. அதனால்தான் பலரும் ஆரஞ்சைப் பார்த்ததும் பயந்துபோய், அன்றைக்கே மறுபடியும் பிளீச்சை அப்புகிறார்கள், முடி அறுந்து கையோடு வருவது அப்போதுதான். ஆரஞ்சு வந்தால் பாதி வழி வந்துவிட்டாய் என்று எடுத்துக்கொள். அங்கேயே நிறுத்து. நீலம் கலந்த டோனர், அதாவது வேண்டாத நிறத்தை அடக்கும் லேசான சாயம், போட்டால் அது நல்ல பழுப்பாக அடங்கிவிடும், அதோடு ஆபீஸுக்குப் போ. சில வாரம் கழித்து, முடி தாங்குகிறதா என்று பார்த்துவிட்டு, அடுத்த முறை. முழு மஞ்சளுக்கு வந்த பிறகு போடும் டோனர்தான் ஊதா.

இன்னொன்று. தலையில் இதுவரை என்னென்ன போட்டிருக்கிறாய் என்று யோசித்துச் சொல். கறுப்பு மருதாணி என்று பாக்கெட்டில் விற்கிறார்களே, அதில் சிலவற்றில் உலோக உப்பு கலந்திருக்கும். அதன்மேல் டெவலப்பர், அதாவது பிளீச் பவுடரோடு கலக்கும் பெராக்சைடு, பட்டால் சூடேறி முடி பொசுங்கிவிடும். அவுரி கலந்ததாக இருந்தால் பச்சை அடிக்கும். அக்கா கல்யாணத்துக்குப் போட்ட கறுப்பு டை உன் நுனியில் இன்னும் இருக்கும், அந்த இடம் திட்டுத்திட்டாகத்தான் வெளுக்கும்.

அதனால் முழுத் தலைக்கும் போடுவதற்கு முன் பிடரியில், வெளியே தெரியாத இடத்தில், ஒரு மெல்லிய கற்றைக்கு மட்டும் போட்டு ஃபாயிலில் மடித்து வை. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை பிரித்து, ஈரத்துணியால் கொஞ்சம் துடைத்து நிறத்தைப் பார். கழுவின பிறகு, ஈரம் காயும் முன்னே, அதில் ஒரே ஒரு முடியை இரண்டு விரலால் மெதுவாக இழு. கொஞ்சம் நீண்டு பழையபடி சுருங்கினால் தாங்கும். இழுக்க இழுக்க நீண்டுகொண்டே போனால், தொடும்போது கொழகொழவென்று இருந்தால், இந்த ஆசையை இப்போதைக்கு விட்டுவிடு கண்ணு, அம்மா கெஞ்சிக் கேட்கிறேன்.

டெவலப்பர் 20 வால்யூம் போதும், அதாவது 6 சதவீதம் பெராக்சைடு. 40 வாங்கினால் சீக்கிரம் வெளுக்கும் என்று கடையில் சொன்னாலும் வாங்காதே, அது 12 சதவீதம், தோல் வெந்துவிடும். மளிகைக் கடை பிளீச்சிங் பவுடரும் முகத்துக்குப் போடும் பிளீச் க்ரீமும் தலைக்கு ஆகவே ஆகாது. தலைக்குப் போடப்போகும் கலவையை 48 மணி நேரத்துக்கு முன்னால் காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவிச் சோதித்துக்கொள். முந்தின நாள் தலைக்குக் குளிக்காதே, மண்டையில் இருக்கும் எண்ணெய்ப் பசைதான் எரிச்சலைத் தடுக்கும். கலக்குவதற்குப் பிளாஸ்டிக் கிண்ணம்தான், எவர்சில்வர் வேண்டாம். உனக்குச் சின்ன வயதில் வீசிங் இருந்தது, தலைக்குப் போடும் பிளீச் பவுடர் பறந்து மூக்கில் ஏறினால் திரும்ப வரலாம். ஜன்னலைத் திறந்து வைத்துக் கலக்கு, மூச்சு இறுக்கினால் உடனே கழுவிவிட்டு வெளியே வா.

நுனியும் நடுவும் முதலில், வேர் கடைசியில். மண்டையை ஒட்டின ஒரு சென்டிமீட்டர் உடம்புச் சூட்டிலேயே வேகமாக வெளுத்துவிடும். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் வேர் மஞ்சளாகவும் நுனி ஆரஞ்சாகவும் நிற்கும், அதைச் சரிசெய்வது பெரிய வேலை. பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு மேல் ஒரு நிமிஷம்கூட வைக்காதே.

அப்புறம் தேங்காய் எண்ணெய். பாட்டி சொன்னால் சிரிப்பாய், ஆனால் 2003-ல் வெளியான ஒரு ஆய்வில் மினரல் ஆயில், சூரியகாந்தி எண்ணெய், தேங்காய் எண்ணெய் மூன்றையும் பிளீச் பண்ணின முடியில் போட்டுப் பார்த்தார்கள், புரதம் போவதை நன்றாகக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். குளிக்கும் முன் தடவு.

என் யோசனை இது. நீ பெங்களூரில் நுனிப் பக்கம் மட்டும் பண்ணிக்கொள். வேரும் பின்பக்கமும் உனக்குக் கை எட்டாது, மாம்பழ சீசனுக்கு வரும்போது நான் போட்டுவிடுகிறேன். இங்கே போர் தண்ணீரில் மட்டும் தலைக்குக் குளிக்கக் கூடாது, அந்த உப்பும் இரும்பும் படிந்தால் வெளுத்த முடி மங்கிப்போகும். ஒகேனக்கல் தண்ணீர் வரும் நாளில் குடத்தில் பிடித்து வைக்கிறேன்.

பவுடர் வாங்கும் முன் பாக்கெட்டைப் போட்டோ எடுத்து அனுப்பு, பின்பக்கம் எழுதியிருப்பதும் தெரிய வேண்டும்.

அம்மா
பழையபேட்டை, கிருஷ்ணகிரி