தொட்டிய மூடச் சொன்னியே தம்பி

தம்பி, நல்லா இருக்கியா, வேளாவேளைக்கு சாப்பிடுறியா. அன்னைக்கு போன்ல "நீச்சல் தொட்டிய மண்ணப் போட்டு மூடிருங்கம்மா, இனி யாரு வந்து குளிக்கப் போறா"ன்னு சொல்லிட்டு வச்சிட்ட, அதுக்கப்பறம் எப்ப அடிச்சாலும் பிஸின்னே வருது, அதான் எழுதுறேன், மெதுவா படி.

தொட்டித் தண்ணி கொறைஞ்சுக்கிட்டே போச்சுல்ல, அந்த லீக்கு பிடிபட்டுருச்சுய்யா. மொதல்ல வந்த பிளம்பர் ஆடிக் காத்துக்கு ஆவியாப் போகுதுன்னுட்டாரு. உச்சிப்புளிக் காத்து அப்படித்தான், கொடில போட்ட சேலைய பக்கத்து தோப்புல போய் எடுக்கணும், ஆனாலும் எனக்கு மனசு கேக்கல. படிக்கட்டுல ஒரு பக்கெட்ட வச்சு, உள்ள கல்லப் போட்டு, தொட்டித் தண்ணி மட்டத்துக்கே அதுலயும் தண்ணி ஊத்தி ரெண்டுலயும் கோடு போட்டேன், மோட்டாரயும் ஆப் பண்ணிட்டேன். மறுநாள் அதே நேரத்துக்குப் பாத்தா பக்கெட்டுல ரெண்டு நூல் கொறைஞ்சிருக்கு, தொட்டில ஒரு இஞ்சு, அதாவது எட்டு நூல். காத்து குடிச்சது போக மிச்சம் ஆறு நூல், நம்ம 8க்கு 4 மீட்டர் தொட்டிக்கு அது 600 லிட்டர், நாப்பது குடம் தம்பி. தள்ளுவண்டில குடத்த அடுக்கிட்டு காவிரித் தண்ணிக்கு பொம்பளைக நம்ம வாசல் வழியாத்தான் போறாளுக, எனக்கு வெளிய நிக்கவே கூசிருச்சு.

மறுபடி நெரப்பாம அப்படியே விட்டேன். எறங்கி எறங்கி உள்சுவத்துல லைட்டு இருக்குற மட்டத்துல வந்து நின்னுருச்சு, அப்ப ஓட்டை அங்கதான. பிளம்பர் முழுசா எறைச்சுட்டுப் பாப்போம்னாரு, நான் விடல. நம்மூரு மணல்ல தென்னைக்கு குழி வெட்டுனாலே ஊத்து வந்துருது, தொட்டி காலியாக் கெடந்தா அடித்தண்ணி படகத் தூக்குற மாதிரி தூக்கிரும், தரையே வெடிச்சிரும். நீயும் யார் சொன்னாலும் முழுசா எறைக்க சம்மதிக்காத.

பெரியபட்டினத்துல சங்கு குளிக்கப் போவானே, நம்ம அண்ணன் மகன், அவன்தான் வந்தான். லைட்டு நல்லா முங்குற அளவுக்கு தண்ணிய விட்டுட்டு, மெயின் ஸ்விட்ச்ச எறக்கச் சொல்லிட்டுத்தான் எறங்க விட்டேன். கேசரிப் பவுடர கெட்டியாக் கரைச்சு அப்பாவோட சுகர் ஊசி சிரிஞ்சுல எடுத்துக் குடுத்தேன். லைட்டச் சுத்தி மெதுவா விட்டான், எல்லாப் பக்கமும் புகையாட்டம் அங்கயே நின்னுச்சு, கீழ ஒரு எடத்துல மட்டும் ஆரஞ்சுக் கலரு நூலா இழுத்துட்டு உள்ள போச்சு, நான் மேல உக்காந்து கண்ணாரப் பாத்தேன். லைட்டக் கழட்டுனா பின்னாடி வயர் வர்ற பைப்போட வாய் தெறந்து கெடக்கு, கட்டுனப்பவே அடைக்கல. தண்ணிக்குள்ளயே இறுகுற எப்பாக்ஸி மாவு, ரெண்டு கலரயும் பிசைஞ்சு வயரச் சுத்தி வச்சு அமுக்கியாச்சு. நெரப்பி திரும்பவும் பக்கெட் வச்சேன், இப்ப ரெண்டும் சமமாத்தான் எறங்குது. ஒரு பைப்பு வாய் ஒழுகுனதுக்கு முழுத் தொட்டியவும் மூடுவாகளாய்யா?

தண்ணியில்லாக் காட்டுல இது எதுக்குன்னு ஊரே கேட்டுச்சு, நானும்தான் கேட்டேன். ஆனா பாப்பா இதுலதான நீச்சல் பழகுனா, எம்புள்ள சம்பாத்தியத்துல கட்டுனதுன்னு எல்லாத்துக்கும் காட்டுவேன். நீ இப்ப மூடுன்னு லேசா சொல்லிட்ட.

மண்டபத்து அத்தை மகன் லீவுல வந்தான். நீ தனியா ரூம் எடுத்திருக்கேன்னு பேச்சுவாக்குல சொன்னான், டூட்டிக்குப் பக்கமா இருக்கும்னு எடுத்திருப்ப, நான் ஒண்ணும் கேக்கல. மருமக போன எடுக்க மாட்டேங்குறா, வேலையா இருக்கும். பாப்பாவுக்கு விழுந்த பல்லு முளைச்சிருச்சா? வெயில்ல அலையாத, கோவத்துல யார்ட்டயும் முடிவாப் பேசிராத, நேரத்துக்கு சாப்பிடு. முழுசா எறைக்க மட்டும் சம்மதிக்காத.

லைட்டுக்குப் பின்னாடி போடுற ரப்பர் வளையம் நைஞ்சு போச்சு, ராமநாதபுரத்துல அந்த அளவு இல்லைங்குறாக. போட்டோ அனுப்பிருக்கேன், அங்க வாங்கு, பார்சல்ல போடாத, மூணு பேரும் வரும்போது கையில கொண்டு வாங்க.

அம்மா