செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25: முன்னாள் மருத்துவ மாணவர் சங்கம், கும்பகோணம் வட்டாரம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மூத்த மருத்துவர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, கும்பகோணத்திலும் சுற்றுவட்டார ஊர்களிலும் தொழில் செய்துவரும் நம் சங்கத்தின் 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான அறிக்கையைப் பொதுக்குழுவின் பார்வைக்கு வைக்கிறேன்.

செயற்குழு விதிப்படி கூடியது. ஜூலை 1 மருத்துவர் தினத்தில் ரத்ததான முகாம் நடந்தது. தீபாவளியை ஒட்டிக் குடும்பச் சந்திப்பு நடந்தது, வருகை திருப்திகரம். 1835 பிப்ரவரி 2ஆம் தேதி கல்லூரி தொடங்கப்பட்டதை நினைவுகூரும் கூட்டமும் நடந்தது. ஆண்டிடையே மறைந்த உறுப்பினர்களுக்கு அஞ்சலி செலுத்தினோம்.

ஆசிரியர் தின நிகழ்ச்சியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல அவையின் அனுமதி வேண்டும். இந்த ஆண்டு அதை நான் மாற்றினேன். மாற்றியது சரியா என்று சிலர் நேரிலும், வேறு சிலர் என் காதுக்கு எட்டும்படியும் கேட்டிருக்கிறார்கள். காரணத்தைப் பதிவு செய்வது என் கடமை.

இதுவரை ஓய்வுபெற்ற ஒரு பேராசிரியரை அழைப்போம். பொன்னாடை போர்த்துவோம், கேடயம் கொடுப்போம், குழுப்படம் எடுத்துக்கொள்வோம். அவர் பேசத் தொடங்கும்போது பாதி அவை பந்திக்குப் போயிருக்கும். சென்ற ஆண்டு அழைக்கச் சென்றபோது ஒரு மூத்த பேராசிரியர் என்னிடம், “பொன்னாடை வைக்க அலமாரியில் இடம் இல்லை. வருவதானால் ஒரு கேஸ் கொண்டு வா, பேசுவோம்” என்றார். அந்த வார்த்தையிலிருந்துதான் இந்தத் திட்டம் பிறந்தது.

உறுப்பினர் ஒருவர் தாம் பார்த்த நோயாளியின் குறிப்புகளை, உரிய சம்மதத்துடன், பெயரையும் அடையாளத்தையும் நீக்கி எடுத்துக்கொள்வார். உழவன் எக்ஸ்பிரஸில் இரவு கிளம்பி, காலையில் சென்னையில் ஆசிரியரின் வீட்டுக்குச் செல்வோம். வார்டில் நின்று சொன்னதுபோலவே கேஸைச் சொல்வார். ஆசிரியர் கேள்வி கேட்பார். அதை அப்படியே ஒலி, ஒளிப்பதிவு செய்வோம். மாலை இல்லை, மேடை இல்லை.

கிடைத்தவற்றில் சிலவற்றையாவது இங்கே சொல்லியாக வேண்டும். மருத்துவப் பேராசிரியர் ஒருவர், மண்ணீரலைத் தேட வலது அடிவயிற்றிலிருந்து ஏன் தொடங்க வேண்டும் என்பதை மீண்டும் சொல்லிக் கொடுத்தார். வீக்கம் பெரிதானால் அது அந்தத் திசையில்தான் வளர்ந்து வரும். விலா எலும்புக்குக் கீழே மட்டும் தேடுகிறவன் அதன் மேலேயே கையை வைத்துக்கொண்டு இல்லை என்பான். வயிற்றைத் தொடும்போது கண் நோயாளியின் முகத்தில் இருக்க வேண்டும், வலியை முதலில் சொல்வது முகம்தான் என்றார். கை நடுங்கும் வயதிலும் இடது நடுவிரலை மேசையில் வைத்து வலது விரலால் தட்டிக் காட்டியபோது, மணிக்கட்டு மட்டும் அசைந்தது. நாற்பது ஆண்டுகளாகத் தொழில் செய்யும் நம் உறுப்பினர் ஒருவர் தன் கையைத் திருத்திக்கொண்டார். மகப்பேறு ஆசிரியை, கருப்பை இறுகித் தளர்வதைக் கருவிக்கு முன் கையால் உணரச் சொன்னவர்; பிரசவ வலியில் இருப்பவளிடம் போனதும் முதலில் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று இப்போதும் வற்புறுத்துகிறார். அந்தப் பழக்கத்தை நான் அவரிடம் பெற்றேன். இன்றுவரை விடவில்லை. என்னிடம் பிரசவத்துக்கு வந்த பெண்களுக்கு அவர் யாரென்று தெரியாது; ஆனாலும் அவர் சொல்லிக் கொடுத்த கனிவு அவர்களைச் சென்றடைந்திருக்கிறது.

இவை பாடப்புத்தகத்தில் இல்லாதவை அல்ல. ஆனால் புத்தகத்தில் படித்ததை நம் விரலுக்குக் கொண்டுவந்தவர்கள் இவர்கள். பேராசிரியர் கே.வி. திருவேங்கடம் 2020இல் மறைந்தபோது, அவரிடம் படித்தவர்கள் ஆளுக்கொரு வார்டு வகுப்பை நினைவிலிருந்து சொன்னோம். நினைவில் இருந்ததைத்தான் சொல்ல முடிந்தது. எஞ்சியிருக்கும் ஆசிரியர்கள் விஷயத்தில் அந்த நிலை வரக்கூடாது என்பதே என் அவசரம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆசிரியர் என்றால் பட்டமும் பதவியும் உள்ளவர்களை மட்டுமே நாம் எண்ணுகிறோம். ‘செங்கோட்டை’ என்று நாம் அழைத்த அந்தச் சிவப்புக் கட்டடத்தின் உடற்கூறியல் கூடத்தில், மேசைமேல் கிடந்தவர்தான் நம் முதல் ஆசிரியர். பெயர் தெரியாது. ஊர் தெரியாது. நரம்பையும் தமனியையும் பிரித்தறியக் கற்பித்தது அந்த உடல். 2019இல் நடைமுறைக்கு வந்த எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில், உடலை முதல் ஆசிரியராக மதிப்பது ஒரு பாடமாகவே சேர்க்கப்பட்டிருக்கிறது. நம் காலத்தில் அப்படிச் சொல்லித்தரவில்லை. ஆனால் கூடத்தின் உதவியாளர் சொல்லாமலே கற்பித்தார். வகுப்பு முடிந்ததும் அவர் துணியை எவ்வளவு பக்குவமாக இழுத்து மூடுவார் என்பதைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஊசி போடக் கற்றுத் தந்த வார்டு சிஸ்டர்கள், நள்ளிரவில் தூக்கத்திலிருந்து எழுந்து வந்து சந்தேகம் தீர்த்த உதவிப் பேராசிரியர்கள், ஒரே நாளில் எத்தனையோ மாணவர்கள் வயிற்றை அழுத்திப் பார்க்க ‘பாருங்க தம்பி’ என்று படுத்திருந்த நோயாளிகள் என இவர்கள் எல்லோருக்கும் சேர்த்தே இந்த ஆண்டு நினைவேந்தல் நடத்தினோம். உடல் தானத்துக்குப் பதிவு செய்துகொள்ள விரும்பும் உறுப்பினர்களுக்காகத் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிக்கான படிவங்கள் வாங்கி வைக்கப்பட்டுள்ளன. முதல் படிவம் என்னுடையது.

இப்போது மனவருத்தத்தைச் சொல்கிறேன். பதிவுப் பணிக்கு வருவதாகப் பெயர் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் வரவில்லை. டிக்கெட் எடுத்த பிறகு ‘அறுவை சிகிச்சை இருக்கிறது’ என்றார்கள். அவசர அறுவை சிகிச்சையை நான் குறை சொல்ல மாட்டேன். முன்கூட்டியே குறித்ததை ஒருநாள் தள்ளி வைத்திருக்கலாம். ஓர் ஆசிரியர் மாணவர்கள் வருகிறார்கள் என்று அதிகாலையிலேயே குளித்து, வெள்ளைக் கோட்டு அணிந்து காத்திருந்தார். நான் ஒருவன் மட்டும் போய் நின்றேன். ‘மற்றவர்கள்?’ என்று கேட்டார். அவருக்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத விருப்பமில்லை. ‘இந்த நிலைக்கு வந்ததற்கு ஐயாதான் காரணம்’ என்று குடும்பச் சந்திப்பில் மனம் உருகிச் சொன்னவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அது பொய்யில்லை என்று எனக்குத் தெரியும். அந்த வார்த்தையை ஐயாவின் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சொன்னால் அவருக்கும் தெரியும்.

தணிக்கை செய்யப்பட்ட கணக்கைப் பொருளாளர் தனியே வைப்பார். சுருக்கமாக, வரவும் செலவும் ஏறக்குறைய சமம். பதிவுக் கருவிகளின் செலவால் கையிருப்பு குறைந்திருக்கிறது. சந்தா நிலுவைதான் கவலை தருகிறது. உறுப்பினர்களில் பாதிப்பேர் இந்த ஆண்டுச் சந்தா கட்டவில்லை. சிலருக்கு முந்தைய ஆண்டுகளின் பாக்கியும் நிற்கிறது. ஆண்டுச் சந்தா, ஒரு நல்ல ஸ்டெதஸ்கோப்பின் விலையில் பாதிகூட இல்லை. நினைவூட்டல்கள் அனுப்பியாகிவிட்டது. படித்ததற்கான அடையாளம் வருகிறது, பதில் வருவதில்லை.

மருத்துவத்தில் நாம் மரபாக ஏற்கும் ஹிப்பாக்ரட்டிஸ் உறுதிமொழியின் தொடக்கத்தை நினைவுபடுத்த விரும்புகிறேன். இந்தக் கலையைக் கற்பித்தவரைப் பெற்றோருக்கு இணையாகக் கொள்வேன், அவருக்குத் தேவை வந்தால் என் பொருளைப் பகிர்ந்துகொள்வேன், அவர் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றிக் கற்பிப்பேன் என்கிறது அது. நோயாளியைப் பற்றிய வரிகளே அதற்குப் பிறகுதான் வருகின்றன. உலக மருத்துவச் சங்கம் 1948இல் ஏற்ற ஜெனீவா பிரகடனமும் ஆசிரியருக்குரிய மரியாதையையும் நன்றியையும் கூறுகிறது; 2017 திருத்தத்தில் சக மருத்துவர்களும் மாணவர்களும் அந்த வரியில் சேர்ந்தார்கள். நம் ஆசிரியர்களில் சிலர் துணையை இழந்து, பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனியே வாழ்கிறார்கள். ஆயிரக்கணக்கானோருக்கு நாடி பார்த்தவருக்கு ரத்த அழுத்தம் பார்க்க வீட்டில் ஆள் இல்லை. ஆசிரியர் நல நிதி என்ற தலைப்பு நம் கணக்கில் பல ஆண்டுகளாக இருக்கிறது. அதில் இருக்கும் தொகையைப் பொருளாளர் வாசிக்கும்போது தயவுசெய்து கவனித்துக் கேளுங்கள்.

கூட்டத்துக்கு மண்டபம் தந்தவர்களுக்கும், முகாமுக்கு உதவிய அரசு மருத்துவமனை ஊழியர்களுக்கும், தலைவர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்களுக்கும், ஒலிப்பதிவைச் செம்மைப்படுத்தித் தந்த உறுப்பினரின் மகளுக்கும் நன்றி.

வரும் ஆண்டைப் பற்றி: கும்பகோணத்துக்கு அருகிலுள்ள சருக்கையில் 1882இல் பிறந்தவர் டாக்டர் எஸ். ரங்காச்சாரி. சொந்த விமானத்தில் பறந்து சென்று நோயாளிகளைப் பார்த்தவர். சென்னை அரசு பொது மருத்துவமனையின் முன்னே நிற்கும் அவர் சிலையைக் கடந்துதான் நாம் எல்லோரும் வார்டுக்குப் போனோம். அவர் பிறந்த மண்ணில், அவர் பெயரில், ஆண்டுக்கு ஒரு கேஸ் வகுப்பு நடத்த வேண்டும் என்பது என் விருப்பம். தஞ்சாவூரில் படிக்கும் இன்றைய மாணவர்களையும் அழைக்கலாம். 2028 மகாமகத்துக்கான மருத்துவ முகாமுக்கும் இப்போதே குழு அமைக்க வேண்டும்.

செயலாளர் பொறுப்பை ஏற்க இளையவர் ஒருவர் முன்வந்தால் மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன். பதிவுப் பணியை மட்டும் என்னிடமே விட்டுவைக்க வேண்டுகிறேன். தொடர்பு கிடைத்தும் இன்னும் போய்ப் பார்க்காத ஆசிரியர்களின் பட்டியல் என்னிடம் இருக்கிறது. எல்லோரும் எண்பதைக் கடந்தவர்கள். வரவேற்பு மேசையில் இரண்டு நோட்டுகள் வைக்கப்பட்டுள்ளன. ஒன்று சந்தாவுக்கு. மற்றொன்றில் ஒவ்வோர் ஆசிரியர் பெயருக்கும் எதிரே, உடன் வரக்கூடிய உறுப்பினர் தம் பெயரையும் தோதான தேதியையும் எழுத இடம் விட்டிருக்கிறேன். சாப்பிடப் போகும் முன் எழுதிவிட்டுச் செல்லும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இந்த அறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவை வேண்டுகிறேன்.

செயலாளர்