எட்டு நாள் எனக்கு இடம் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள கப்பல் தோழர்களே,

கரை இறங்கி இரண்டு வாரம் ஆகிறது. குளிக்கும்போது கண்ணை மூடினால் இன்னும் தரை ஆடுகிறது. ஆளுக்கொரு கடிதம் எழுதத்தான் உட்கார்ந்தேன். பாதிப் பேரின் முகவரி என்னிடம் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அதனால் எல்லோருக்கும் சேர்த்து இந்த ஒரே மடல்.

முதல் நன்றி கேப்டனுக்கு. கப்பல் அதன் வேலையாகத்தான் போனது, திமிங்கிலம், டால்பின்களைப் பார்த்துக் கணக்கெடுக்க நாங்கள் அதில் தொற்றிக்கொண்டவர்கள். அப்படியிருந்தும் கப்பலைச் செலுத்தும் இடமான பிரிட்ஜில் எங்கள் நாலு பேருக்கும் நிற்க இடம் கொடுத்தீர்கள். டால்பின் கூட்டம் ஒன்றைப் பார்த்த ஆர்வத்தில் "கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்ப முடியுமா?" என்று நான் கேட்டதையும் சிரித்து மறந்தீர்கள்.

ஏன் திருப்பக்கூடாது என்பதை அன்று இரவு குழுத் தலைவர் படம் போட்டு விளக்கினார். கப்பல் போகும் கோட்டிலிருந்து ஒவ்வொரு விலங்கும் எவ்வளவு தள்ளி இருந்தது என்பதுதான் கணக்குக்கு அடிப்படை. தூரம் கூடக்கூட நம் கண்ணுக்குத் தப்புவதும் கூடும். அது எப்படிக் கூடுகிறது என்று தெரிந்தால், பார்க்காமல் விட்டது எவ்வளவு இருக்கும் என்று மதிப்பிடலாம். ஐயா, முதல் நாள் நான் கூவிய மூன்று "டால்பின்"களில் இரண்டு அலை, ஒன்று மிதந்த மரக்கட்டை. மூன்றுக்கும் நீங்கள் பைனாகுலரைத் தூக்கிப் பார்த்தீர்களே, அதற்குத் தனி நன்றி.

அப்புறம், படிவம் எழுதிய அக்காவுக்கு. அரை மணிக்கு ஒருமுறை இடம் மாறுவோம். ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் கண் சோர்ந்து பொய் சொல்லும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் நீங்கள் கடலின் நிலை, வெயில் கூசும் பக்கம், பார்வை எட்டும் தூரம் எல்லாம் குறித்தீர்கள். நாலாம் நாள் முழுக்க ஒன்றுமே தென்படவில்லை. காற்றின் வேகத்தைச் சொல்லும் பியூஃபோர்ட் அளவில் 3 தாண்டி எங்கும் வெண்ணுரை. "வீணாப் போன நாள்" என்று முனகினேன். "எவ்வளவு நேரம் பார்த்தோம்னு தெரியாம, எத்தனை பார்த்தோம்னு மட்டும் வச்சு என்ன செய்யறது?" என்றீர்கள். சரி என்று அதற்குப் பிறகு வெற்று வரிகளையும் ஒழுங்காக எழுதினேன்.

ஆறாம் நாள் காலை, பிரிட்ஜில் சுக்கான் பார்த்துக்கொண்டிருந்த மாலுமி வெறுங்கண்ணால் கண்டு கை காட்டினார். நாலு பைனாகுலர் இருந்தும் நாங்கள் அவருக்குப் பின்னால்தான்! மூச்சு நேராக எழவில்லை; முன்னால், இடப்பக்கமாகச் சாய்ந்து புதர்போல விரிந்தது. ஸ்பெர்ம் திமிங்கிலம். அதன் மூக்குத் துளை தலையின் நுனியில் இடப்பக்கம் இருப்பதால் வரும் சாய்வு அது. விலங்கு இருக்கும் திசையை அளக்கும் கோணப் பலகையின் முள்ளைத் திருப்பும்போது என் கை நடுங்கியது. தூரத்தைக் கணிக்க, தொடுவானத்திலிருந்து கீழே எத்தனை கோடு என்று பைனாகுலருக்குள் எண்ணி, அதை மறந்து, மறுபடி எண்ணினேன். பிறகு வாலைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டது. முக்கால் மணி நேரம்கூட மேலே வராது என்றார் தலைவர். அதற்குள் நாங்கள் வெகுதூரம் போயிருப்போம். அந்த மாலுமிக்கு நான் சரியாக நன்றி சொன்னேனா என்றே நினைவில்லை. அண்ணே, இப்போது சொல்கிறேன்.

முதல் இரண்டு நாள் குமட்டலில் கிடந்த என்னிடம் ஒன்றும் கேட்காமல் உலர்ந்த ரொட்டியை வைத்துவிட்டுப் போன சமையல்காரருக்கும், கரையில் என் வேலையையும் சேர்த்துப் பார்த்த தோழிக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

வால் படங்களைப் பிரித்து முடித்ததும் அனுப்புகிறேன், பாதி மங்கல்தான். அக்கா, சாரல் பட்டால் மை கரையும் என்று கொடுத்தீர்களே, அந்தப் பென்சில் என் பையோடு வந்துவிட்டது. படங்களுடன் அதுவும் வரும்.

அன்புடன்,
மூன்று பொய் டால்பின் கூவியவன்