உயர்கல்விக் கருத்தரங்கு நடத்தியவர்களுக்கு: இன்னொருமுறை வாருங்கள்

மதிப்புக்குரிய ஐயாமார், அம்மாமாருக்கு,

வணக்கம். போன கிழமை எங்கள் மண்டபத்தில் நீங்கள் நடத்திய உயர்கல்வி வழிகாட்டல் கருத்தரங்கு பற்றித்தான் இந்த மடல். அமைப்பின் பெயரையோ பேசியவர்களின் பெயரையோ நான் எழுதவில்லை. வாசித்தால் உங்களுக்கே விளங்கும். நான் கேட்பது ஒன்றுதான்: விண்ணப்பத் திகதி முடியமுன் இன்னொருமுறை வாருங்கள். இந்தமுறை உரை வேண்டாம். பிள்ளைகள் கேட்பதற்குத் தமிழில் பதில் சொல்லுங்கள், அது போதும்.

நான் ஆசிரியனும் இல்லை, அதிபரும் இல்லை. புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு கொமினிகேசன் கடை வைத்திருக்கிறேன். போட்டோக்கொப்பி, ரீலோட், அடையாள அட்டைப் படம், வங்கிப் படிவம் என்று வருகிறவர்களுக்கு நடுவே, உயர்தரப் பெறுபேறு வந்த கையோடு பிள்ளைகளும் வரத் தொடங்குவார்கள். வீட்டில் கணினி இல்லை, போனில் அந்தப் படிவம் ஒழுங்காகத் திறக்காது, ஆகவே பல்கலைக்கழக விண்ணப்பம் என் கடை மேசையில்தான் நிரப்பப்படும். தட்டுவது என் விரல். "அண்ணை, எதை முதல் போடுறது?" என்று கேட்பது அவர்கள். அந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும் என்று நம்பித்தான் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு உங்கள் கருத்தரங்குக்கு வந்து பின்வரிசையில் இருந்தேன்.

உங்கள் முதற் பேச்சாளர் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றைச் சொன்னார். குறை சொல்லக்கூடாது, நன்றாகவே சொன்னார். 1870 இல் தொடங்கிய மருத்துவப் பள்ளி; 1906 இல் சேர் பொன்னம்பலம் அருணாசலம் முதலானோர் இலங்கைக்கென்று ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று சங்கம் அமைத்துக் குரல் கொடுத்தது; 1921 இல் தேர்ஸ்டன் வீதியிலிருந்த ஒரு வளவு வீட்டில் பல்கலைக்கழகக் கல்லூரி திறந்து, பிள்ளைகள் லண்டன் சோதனை எழுதியது; 1942 இல் அந்த இரண்டும் சேர்ந்து இலங்கைப் பல்கலைக்கழகமாகி ஐவர் ஜெனிங்ஸ் முதல் துணைவேந்தரானது. பிறகு பேராதனை, 1967 இல் கொழும்பு தனியாகியது, 1972 இல் எல்லாவற்றையும் ஒரே பல்கலைக்கழகத்துக்குள் அடைத்தது, கடைசியில் 1978 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1979 சனவரி முதலாம் திகதி இன்றைய கொழும்புப் பல்கலைக்கழகம். எனக்கு வரலாறு பிடிக்கும். நான் ரசித்துத்தான் கேட்டேன்.

ஆனால் ஐயா, முன்வரிசையில் இருந்தவர்கள் சோதனை முடித்த பிள்ளைகள். அவர்களுக்கு வேண்டியதும் அதே வரலாற்றுக்குள்தான் கிடந்தது. அதை எடுத்துக் கொடுக்கத்தான் ஆள் இருக்கவில்லை. ஓர் உதாரணம் சொல்கிறேன். எனக்குப் பக்கத்தில் ஒரு தகப்பன் இருந்தார், விசுவமடுப் பக்கத்துக் கமக்காரர். மகன் கணிதப் பிரிவு. "இவனைக் கொழும்பு கம்பஸிலை இஞ்சினியருக்கு விட வேணும்" என்று என்னிடம் இரண்டுதரம் சொன்னார். கொழும்புப் பல்கலைக்கழகத்தில் பொறியியற் பீடமே இல்லை. 1950 இல் கொழும்பில் தொடங்கிய அந்தப் பீடம் 1964 இல் பேராதனைக்குப் போய்விட்டது. உங்கள் பேச்சாளர் பேராதனைக் கதையை மலையும் மகாவலியுமாக வர்ணித்தார். இந்த ஒரு வசனத்தை மட்டும் சொல்லவில்லை. அதைவிட, அந்தக் கமக்காரரின் வீட்டிலிருந்து பரந்தன் வழியாகப் போனால் கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இருக்கிறது. விவசாய பீடமும் தொழில்நுட்ப பீடமும் அங்கேதான். அதைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை. வவுனியாப் பல்கலைக்கழகம் பற்றியும் இல்லை. 1991 இல் இணைந்த கல்லூரியாகத் தொடங்கி, 1997 இல் யாழ்ப்பாணத்தின் வளாகமாகி, 2021 ஓகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமாகி, பம்பைமடுவில் எங்கள் வன்னிக்குள்ளேயே நிற்கிறது. வன்னிக்கு வந்து வழிகாட்டுகிறவர்கள் வருகிற வழியில் அதன் பெயர்ப்பலகையையாவது பார்த்திருக்கலாம்.

பீடங்களின் பட்டியலும் அப்படித்தான் போனது. கலை, விஞ்ஞானம், மருத்துவம், சட்டம், கல்வி, முகாமைத்துவமும் நிதியும், தாதியியல், தொழில்நுட்பம் என்று மல்டிமீடியாவில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடியது, அதுவும் முழுக்க ஆங்கிலத்தில். கொழும்புக்குப் பிள்ளையை அனுப்பும் தாய்க்கு முதலில் தெரிய வேண்டியது, அந்தப் பீடம் எங்கே இருக்கிறது என்பது. மருத்துவம் கின்சி வீதியில், சரி. தொழில்நுட்ப பீடம் ஹோமாகமவில். அரங்கக் கலையும் ஊடகமும் படிக்கிற ஸ்ரீபாலி வளாகம் ஹொரணையில். சுதேச மருத்துவம் இராஜகிரியவில். கொள்ளுப்பிட்டியில் சொந்தக்காரர் வீட்டில் நின்று படிக்கலாம் என்று கணக்குப் போட்டிருக்கும் குடும்பத்துக்கு ஹொரணை என்பது வேறு கணக்கு. சித்த மருத்துவம் படிக்க ஆசைப்பட்ட பிள்ளை ஒன்று மண்டபத்தில் இருந்தது. கொழும்பில் ஆயுர்வேதமும் யுனானியும்தான், சித்தம் படிப்பதென்றால் யாழ்ப்பாணம் அல்லது திருகோணமலை. அதை நான் பல்கலைக்கழக அனுமதிக் கைந்நூலைப் பார்த்துச் சொன்னேன். நீங்கள் சொல்லியிருந்தால் பிள்ளை நம்பியிருக்கும். கொமினிகேசன்காரன் சொன்னால் வீட்டில் இன்னும் நாலுபேரைக் கேட்பார்கள். கேட்கத்தானே வேண்டும்.

இனி இன்னொரு பிள்ளையின் விசயத்துக்கு வருகிறேன். இந்த மடலை எழுத வைத்ததே அதுதான்.

முத்தையன்கட்டுப் பக்கத்துப் பிள்ளை. கலைப்பிரிவு, நல்ல பெறுபேறு. தகப்பன் இல்லை, தாய் கூலி வேலைக்குப் போகிறவ. கருத்தரங்கு முடிந்த அடுத்தநாள் காலையில் கடை திறக்கமுன்னமே வந்து நின்றது. கையில் ஒரு சீ.ஆர். கொப்பி. நீங்கள் மல்டிமீடியாவில் போட்ட பாடநெறிக் கோட் இலக்கங்களை எல்லாம் மண்டபத்தில் இருந்து பார்த்து எழுதியிருக்கிறது. எழுத்து முதல் ஐந்தாறு வரி வரைக்கும் உருண்டையாக, அழகாக இருக்கிறது. அப்புறம் சரிகிறது, ஓடுகிறது, கடைசி வரிகளில் இலக்கம் மட்டும் நிற்கிறது. உங்களுக்குத் தெரியும், அந்தக் கோட்டில் பாடநெறிக்கு மூன்று இலக்கம், அதற்குப் பின்னால் பல்கலைக்கழகத்துக்கு ஓர் எழுத்து. கொழும்பு மருத்துவம் என்றால் 001 உடன் 'ஏ'. அந்த எழுத்தை எழுதமுன் படம் மாறிவிட்டது. ஆகவே பிள்ளையின் கொப்பியில் சட்டம் இருக்கிறது, எந்தப் பல்கலைக்கழகத்துச் சட்டம் என்பது இல்லை. கொழும்பா, பேராதனையா, யாழ்ப்பாணமா? அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தது. "சேரிட்டைக் கேப்பம் எண்டு வைச்சிருந்தனான் அண்ணை" என்றது. கேள்வி நேரம் என்று நிகழ்ச்சி நிரலில் போட்டிருந்தீர்கள் அல்லவா, அதற்காக.

அந்த நேரம் வரவில்லை. "நேரம் போதாமையால்" என்று அறிவிப்பாளர் சொன்னார். நன்றியுரைக்கு மட்டும் நேரம் போதியது. பொன்னாடைகளுக்கும் போதியது.

விடுபட்ட எழுத்தை நான் கைந்நூலில் தேடிக் கொடுத்துவிட்டேன். அது பெரிய காரியம் இல்லை. பெரிய காரியம், விருப்பப் பாடநெறிகளைப் படிவத்தில் போடுகிற வரிசை. நாங்கள் போடுகிற ஒழுங்கில்தான் பார்ப்பார்கள். மேலே போட்ட ஒன்றுக்குத் தகுதி வந்துவிட்டால் அதோடு சரி, கீழே இருப்பதை யாரும் பார்க்கப்போவதில்லை. ஆகவே கொழும்புச் சட்டத்தை முதலில் போடுவதா, யாழ்ப்பாணத்தைப் போடுவதா? கொழும்பில் விடுதி கிடைக்குமா, கிடைக்காவிட்டால் அறை வாடகைக்குத் தாய் எங்கே போவா, மகாபொல உதவிப்பணம் எப்போது கைக்கு வரும், விரிவுரை எந்த மொழியில், தமிழில் படித்து வந்த பிள்ளைக்கு முதல் வருடம் ஆங்கிலத்துக்கு உதவி உண்டா? பிள்ளை இதையெல்லாம் என்னிடம் கேட்டது. தாய் கடை வாசலில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தா. ஒரு பிள்ளையின் வாழ்க்கையை வரிசைப்படுத்த, போட்டோக்கொப்பிக்குக் காசு வாங்குகிற நான் யார்? படிவத்தை நிரப்பாமல், "இரண்டு நாள் பொறுத்து வா, விசாரிச்சுச் சொல்லுறன்" என்று அனுப்பினேன். அந்த விசாரிப்புத்தான் இந்த மடல்.

இன்னொன்றையும் சொல்லாமல் விடமுடியாது. நீங்கள் காட்டிய வெட்டுப்புள்ளிப் பட்டியல், அதாவது அனுமதி கிடைக்க ஆகக்குறைந்தது எவ்வளவு இசட் ஸ்கோர் வேண்டும் என்ற பட்டியல், கொழும்பு மாவட்டத்துக்குரியது. மேலே ஆங்கிலத்தில் சின்னதாக எழுதியிருந்தது; மண்டபத்தில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? அந்த இசட் ஸ்கோரைப் பார்த்துவிட்டு இரண்டு பெடியன்கள் "எங்களுக்கு இது சரிவராதடா" என்று எழும்பி வெளியே போனார்கள். பெரும்பாலான துறைகளுக்கு 40 வீதம்தான் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை என்று குறித்த 16 மாவட்டங்களுக்கு. முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா, மன்னார் நாலும் அந்தப் பதினாறுக்குள் உண்டு. மாவட்டத்துக்கு மாவட்டம் வெட்டுப்புள்ளி மாறும் என்பது கொழும்பில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எங்களிடம் வந்து "பின்தங்கிய பிரதேசத்துச் செல்வங்களே" என்று தொண்டை கரகரக்கப் பேசியவர், அந்தப் பின்தங்கலால் கிடைக்கிற சலுகை என்ன என்று சொல்ல மறந்துவிட்டார்.

மன்னிக்க வேண்டும், கொஞ்சம் சூடாகிறேன். ஆனால் இது உங்களோடு மட்டும் உள்ள கோபம் இல்லை. யுத்தம் முடிந்த காலத்திலிருந்து வன்னிக்கு வராத வாகனம் இல்லை. கருத்தரங்கு, செயலமர்வு, விழிப்புணர்வு, ஆற்றுப்படுத்தல். பை தந்தார்கள், தொப்பி தந்தார்கள், தண்ணீர்ப் போத்தலில் அமைப்பின் இலச்சினை போட்டுத் தந்தார்கள். எல்லோரும் பிள்ளைகளை நடுவில் நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். எங்கள் பிள்ளைகளின் முகம் எத்தனை ஆண்டறிக்கைகளில் இருக்கிறதோ தெரியாது. உங்கள் நிகழ்விலும் சாப்பாட்டுப் பார்சலில் இரண்டு வகை இருந்ததைக் கண்டேன். அதைப் பற்றி எழுதவேண்டாம் என்று நினைத்தேன், எழுதிவிட்டேன்.

சரி. கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

உங்களில் பலர் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள், சிலர் தமிழ்ப் பிள்ளைகள். அந்தப் பல்கலைக்கழகத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. எங்கள் ஊரிலிருந்து ஒரு பிள்ளை அங்கே போனால் கடை வாசலில் வாழை கட்டுவேன். உங்கள் நல்ல மனசையும் குறைசொல்லவில்லை. அவ்வளவு தூரம் செலவழித்து வந்தீர்கள். வந்த பயன் பிள்ளைக்குச் சேரவேண்டும் என்பதுதான் என் ஆதங்கம்.

ஆகவே தயவுசெய்து இன்னொருமுறை வாருங்கள். பெரிய ஆட்கள் வேண்டாம். சட்டம், முகாமைத்துவம், விஞ்ஞானம், கலை என்று இப்போது அங்கே படித்துக்கொண்டிருக்கிற தமிழ்ப் பிள்ளைகள் நாலைந்து பேரைக் கூட்டி வாருங்கள். விடுதியில் இடம் எப்படிக் கிடைத்தது, மாதம் என்ன செலவாகிறது, ஆங்கிலத்தை எப்படிச் சமாளித்தார்கள் என்று அவர்கள் வாயால் சொல்லட்டும். பாடநெறியும் கோட்டும் எழுத்தோடு சேர்த்து, எங்கள் மாவட்டங்களின் வெட்டுப்புள்ளியும் போட்டு, தமிழில் ஒரு தாள் அடித்துத் தாருங்கள். அடிக்க வசதியில்லை என்றால் மூலப்பிரதியை அனுப்புங்கள், போட்டோக்கொப்பி என் செலவு. வவுனியாவையும் அறிவியல் நகரையும் அந்தத் தாளில் விடாதீர்கள். மேசை போட்டு இருங்கள்; பிள்ளைகள் தாய் தகப்பனோடு வந்து ஒவ்வொருவராகக் கேட்கட்டும்.

மண்டபத்துக்கு நான் பொறுப்பு. நேரத்தை மட்டும் காலையிலேயே வையுங்கள். கொக்கிளாய், முத்தையன்கட்டுப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பின்னேரம் பஸ் கஷ்டம். சாப்பாடு ஊர்ச் சனம் சமைக்கும், எல்லோருக்கும் ஒரே சாப்பாடு.

விண்ணப்பத் திகதி முடியமுன் வரவேண்டும். முடிந்தபின் வருவதென்றால் வரவேண்டாம். வரும் நாளைக் கடைக்கு ஒரு போன் எடுத்துச் சொன்னால் போதும். நன்றியுரையின்போது உங்கள் அறிவிப்பாளரிடம் என் இலக்கம் எழுதிய துண்டைக் கொடுத்திருக்கிறேன். அந்தப் பிள்ளையின் படிவத்தை அதுவரை நிரப்பாமல் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
பணிவுடன்,
பின்வரிசையில் இருந்த கொமினிகேசன்காரன்,
புதுக்குடியிருப்பு.