மார்ச் 31-ஆம் தேதி வசூல் எங்கே போனது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2023 மார்ச் மாதக் கணக்கை முடித்தபோது, நான் அப்போது பணியாற்றிய அலுவலகத்தில் ரசீதுப் புத்தகங்களின் கூட்டுத்தொகையும் வங்கியில் கட்டிய தொகையும் பைசா பிசகாமல் ஒத்துப்போயின. கணினி எடுத்துத் தந்த மாத அறிக்கை மட்டும் குறைந்தது. ரசீதுகளைக் கணினியில் ஏற்றாமல் விட்டுவிட்டார் என்று காசாளர் அம்மையார் மீது பழி விழுந்தது. இரவு ஒன்பது மணி வரை அடிக்கட்டைகளைப் புரட்டிய அவரேதான், குறைவது 31-ஆம் தேதியின் வசூல் முழுவதும் என்பதைக் கண்டுபிடித்தார்.

பிழை, தரவுத்தளத்திடம் (தரவுகளைச் சேமித்து வைக்கும் மென்பொருளிடம்) விவரம் கேட்க எழுதும் கட்டளையான வினவலில் இருந்தது. '2023-03-01 முதல் 2023-03-31 வரை' என்று அதில் எழுதியிருந்தார்கள். நாம் படித்தால் 31-ஆம் தேதியும் அடங்கிவிட்டதாகவே தோன்றும். ஆனால் தேதியோடு நேரத்தையும் சேர்த்து வைத்திருக்கும் தரவுத்தளம், நேரம் குறிப்பிடாத தேதியை அந்நாள் பிறக்கும் நள்ளிரவு 00:00:00 என்றே எடுத்துக்கொள்ளும். ஆகவே அன்று காலை 10:42-க்குப் போட்ட ரசீது கணக்குக்கு வெளியே நின்றுவிடும். 'மார்ச் 1 முதல், ஏப்ரல் 1-க்கு முன்பு வரை' என்று கேட்டிருந்தால் அந்த அம்மையார் உரிய நேரத்தில் வீடு திரும்பியிருப்பார்.

அதே அறிக்கையில் எல்லா ரசீதுகளின் நேரத்திலும் நிமிடம் 03 என்றே அச்சாகியிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. ஆரக்கிள் என்ற தரவுத்தள மென்பொருளில், தேதியையும் நேரத்தையும் காட்டும் வடிவத்தைக் குறிக்கும்போது 'எம்எம்' என்பது மாதம், 'எம்ஐ' என்பதே நிமிடம். அச்சிடும்போது 'எம்ஐ' இடத்தில் 'எம்எம்' என்று எழுதினாலும் எச்சரிக்கை எதுவும் வராது, மார்ச் மாதம் நிமிடமாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

தேதியை வெறும் எழுத்தாகச் சேமிப்பது இதனினும் கெடுதலானது. வரிசைப்படுத்தும்போது 01-04-2023 என்பது 31-03-2023-க்கு முன்னால் போய் நிற்கும். 05/06/2023 என்பது நமக்கு ஜூன் 5. அமெரிக்க முறைக்கு அமைந்த கணினிக்கு மே 6. 13-ஆம் தேதி வந்தால்தான் பதின்மூன்றாம் மாதம் இல்லையென்று கணினி மறுக்கும் என்பதால், மாதத்தின் முதல் 12 நாட்களுக்குள் சோதித்துப் பார்த்தவர்களுக்குத் தவறு தென்படாமலே போகிறது. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையை தேதி எழுதும் முறைக்கான ஐஎஸ்ஓ 8601 என்ற பன்னாட்டுத் தரம் 1988-லேயே வகுத்துத் தந்திருக்கிறது. தரவுத்தளத்துக்குள் தேதியைத் தேதி வகையிலேயே வைத்துக்கொண்டு, நமக்குப் பழகிய நாள்-மாதம்-ஆண்டு வடிவத்தைத் திரையிலோ தாளிலோ காட்டும்போது மட்டும் கொடுப்பதே முறை.

கணினிக் கல்வி தரும் கல்லூரிகள் இதை ஒரு பாடவேளையாவது ஒதுக்கிச் சொல்லித்தர வேண்டும். மென்பொருளை விலைக்கு வாங்கும் அலுவலகங்கள், மாதக் கடைசி நாள் பிற்பகலில் ஒரு சோதனை ரசீது போட்டு, அது மாத அறிக்கையில் வருகிறதா என்று பார்த்த பிறகே ஏற்புச் சான்றில் கையெழுத்திட வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தரவுத்தளப் பராமரிப்பாளர் ஒருவர்,
ஈரோடு