கவுனியை டின்னில் அடைக்காதே

அன்புள்ள மீனாள்,

கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாளாமே, இனி உனக்கு உட்கார நேரம் இருக்காது. பள்ளத்தூரில் எல்லாரும் நலம். வெயில்தான் தாங்கவில்லை, ஆனால் வத்தல் போட இதைவிட நல்ல வெயில் கிடைக்காது.

பக்கத்து வீட்டுக்காரர்கள் அரிசி, பீன்ஸ், ஓட்ஸ் எல்லாவற்றையும் வீட்டிலேயே டின்னில் போட்டு சீல் வைக்கிறார்கள், மெஷினையும் இரவல் தருகிறார்கள், நானும் செய்யட்டுமா என்று கேட்டிருந்தாய். தாராளமாகச் செய். நான் கொடுத்தனுப்பிய கவுனியை மட்டும் தொடாதே. அது தவிடு போகாத அரிசி, தவிட்டில் எண்ணெய் உண்டு. எத்தனை இறுக்கமாக அடைத்தாலும் நாளாவட்டத்தில் சிக்கு வாடை வந்துவிடும். தீட்டிய வெள்ளை அரிசி 30 வருடம் தாங்கும் என்கிறார்கள், தவிட்டரிசிக்கு ஆறு மாதம்தான் கணக்கு. கவுனியை ஃப்ரிட்ஜில் வை. நிலக்கடலை, முந்திரி, எள்ளுக்கும் இதே கதைதான்.

டின்னுக்குள் போடும் சின்னப் பொட்டலத்தில் இருப்பது இரும்புத்தூள். அது துருப்பிடிக்கும்போது உள்ளே இருக்கும் ஆக்சிஜனை இழுத்துக்கொள்கிறது. வண்டும் அதன் முட்டையும் மூச்சுமுட்டிச் செத்துப்போகும். நம் அப்பத்தாமார் துவரைக்குச் செம்மண் கட்டியதும், அரிசியில் வேப்பிலை போட்டதும் இந்த வண்டுக்குப் பயந்துதானே!

ஆனால் காற்றில்லாத இடத்தில்தான் வளருவேன் என்று ஒரு கிருமி இருக்கிறது. அது கக்கும் விஷத்தால் பாட்டுலிசம் என்னும் நோய் வரும், உயிரையே வாங்கிவிடும். அதற்கு ஈரம் வேண்டும். அதனால் உள்ளே போகிற பொருளில் ஈரம் பத்து சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. காய்ந்த காய்கறி என்றால் ஒடித்துப் பார், படக்கென்று முறிய வேண்டும். வளைந்தால் வேண்டாம். விளக்கெண்ணெய் விட்டுப் பிசைந்த வெங்காய வடகத்தில் ஈரமும் நிற்கும், எண்ணெயும் உண்டு. அதை நினைத்துக்கூடப் பார்க்காதே, பாட்டிலிலேயே இருக்கட்டும். சர்க்கரைக்கும் உப்புக்கும் பொட்டலம் போடாதே, பாறையாகிவிடும்.

முதலில் ஒரு காலி டின்னை சீல் வைத்து வெந்நீரில் அமுக்கிப் பார். உள்ளே இருக்கும் காற்று சூடாகி விரியும், மூடியோரம் குமிழி வந்தால் மெஷினைச் சரிசெய்யாமல் மேலே போகாதே. டின்களை காரேஜில் அடுக்காதே, சூடு ஏற ஏற ஆயுசு குறையும். நம் வளவு வீட்டில் உள்ளறைகள் கோடையிலும் குளுகுளுவென்று இருக்குமே, அந்த மாதிரி இடம் பார். தரையில் ஈரம் இருந்தால் பலகை போட்டு வை, தகரம் துருவேறும்.

எனக்கென்னவோ பயறு வகைகளை ஐந்தாறு வருடத்துக்கு மேல் வைப்பதில் அர்த்தமில்லை. கெட்டுப்போகாது, ஆனால் பழசாகப் பழசாக எத்தனை விசில் விட்டாலும் வேகாது. முப்பது வருடம் தாங்குமென்று நீ அடைக்கிற அரிசியை அந்தப் பேத்திதான் பொங்கிச் சாப்பிட வேண்டும்!

அப்புறம், தை மாதம் வரும்போது அந்தப் பொட்டலங்கள் கொஞ்சம் எடுத்து வா. வீட்டு உளுந்துக்கு நானும் போட்டுப் பார்க்கிறேன். உறையை அங்கேயே பிரித்துவிடாதே, காற்றுப் பட்டவுடன் வேலையைத் தொடங்கிவிடும்.

அன்புடன்,
வள்ளி