சும்மாட்டுத் துணி என்னிடம் இருக்கிறது

எல்லாருக்கும் அன்பின் ஸ்தோத்திரம்.

வலது கையில் மாவுக்கட்டு. இடது கையால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கிழமை காலையில் எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் நானும் மகளும் வண்டியிலிருந்து விழுந்த விபத்து உங்கள் எல்லாருக்கும் தெரியும். வீட்டுக்கு வந்து பார்த்தவர்களிடம் நானே நாலைந்து தடவை சொல்லிவிட்டேன், இனிச் சொல்லத் தெம்பில்லை. கண்ணை மூடினால் அந்த ட்ரெய்லர் டயர்தான் வருகிறது. யார் மேல் தப்பு என்ற பேச்சும் இப்போது வேண்டாம். நானும் பிள்ளையும் உயிரோடு இருக்கிறோம்.

முதல் நன்றி என் கர்த்தருக்கு. வண்டியை எடுக்கும் முன் 121-ஆம் சங்கீதத்தை ஒரு தடவை சொல்லிவிட்டுக் கிளம்புவது என் அம்மா பழக்கிய பழக்கம். "உன் போக்கையும் உன் வரத்தையும்" காப்பார் என்று அன்றைக்கும் வாய் சொன்னது, மனது டிபன் பாக்ஸ் எடுத்தோமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. அப்படிச் சொன்னதையும் அவர் கேட்டிருக்கிறார். நினைக்க நினைக்க அழுகை வருகிறது.

அடுத்து, பெயர் தெரியாத ஒரு அம்மாவுக்கு. அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும்.

நான் விழுந்து கிடந்தது நடுரோட்டில். புடவை கிழிந்து முழங்காலுக்கு மேலே ஏறியிருந்தது. இழுத்து விடலாம் என்றால் கை வரவில்லை. சுற்றிலும் ஆட்கள். ஓடி வந்தவர்கள் நல்லவர்கள்தான். தண்ணீர் கொடுத்தார்கள், 108-க்குப் போன் போட்டார்கள். ஆனால் என்னைப் பார்த்து நாலைந்து செல்போன்கள் நீட்டியபடி இருந்ததையும் பார்த்தேன். சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்: பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்த அடுத்த நொடி நான் நினைத்தது அந்தப் புடவையைத்தான். உடைந்த கையைவிட அதுதான் வலித்தது.

காசிமேட்டுப் பக்கமிருந்து வந்த ஒரு ஷேர் ஆட்டோ நின்றது. மீன்கார அம்மா ஒருவர் அன்னக்கூடையோடு இறங்கினார். அறுபது வயது இருக்கும். கூடையை ரோட்டோரம் இறக்கினார், கூடையைத் தாங்கத் தலையில் சுருட்டி வைத்திருந்த சும்மாட்டுத் துணியை எடுத்து ஒரே உதறில் பிரித்து, என் இடுப்பிலிருந்து கால்வரை போர்த்தினார். பிறகு எனக்கும் அந்தப் போன்களுக்கும் நடுவில் போய் நின்றார்.

"இன்னாத்துக்குடா படம் புடிக்கிற? உங்கம்மா வுழுந்து கெடந்தா புடிப்பியா?"

எல்லாப் போனும் இறங்கிவிட்டது.

திரும்பி வந்து உட்கார்ந்து என் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். கூடையை எட்டி இழுத்து, மீன் மேல் கிடந்த ஐஸை அள்ளி, முந்தானையில் முடிந்து, வீங்கிக்கொண்டிருந்த என் மணிக்கட்டில் வைத்தார். அது கரையக் கரைய மறுபடி அள்ளினார். "அழுவாத கண்ணு. புள்ள நல்லா கீது. தோ பாரு, எங்கூடதான் கீது." என் மகள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் "இயேசப்பா, இயேசப்பா" என்கிறேன், அவர் "அங்காளம்மா தாயே, இந்தப் பொண்ணக் காப்பாத்து" என்கிறார்.

நான் ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவள். அந்த ஐஸ் என்ன விலை என்று எனக்குத் தெரியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாமல், காசிமேட்டை நம்பியிருக்கும் வீடுகளெல்லாம் கடனில் ஓடும். படகுகள் திரும்ப மீனோடு வந்த முதல் வாரம் அது. கூடையில் சங்கரா. வெயில் ஏறுவதற்குள் திருவொற்றியூர் தெருக்களில் விற்றாக வேண்டும், ஐஸ் போனால் மீன் போச்சு. ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் அந்தக் கூடையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பெயர் கேட்கவும் எனக்குத் தோன்றவில்லை.

பதினோரு வருடமாக சண்டே ஸ்கூலில் நல்ல சமாரியன் கதை சொல்லிக்கொடுக்கிறேன், கள்ளர்கள் அடித்துப் போட்டவனை வழியில் வந்த சமாரியன் ஒருவன் காப்பாற்றியதாக இயேசு சொன்ன கதை. எண்ணெய், திராட்சரசம், சத்திரக்காரனிடம் கொடுத்த இரண்டு பணம் எல்லாவற்றையும் பிள்ளைகளிடம் கேள்வியாகக் கேட்பேன். கள்ளர்கள் அவன் வஸ்திரங்களை உரிந்துகொண்டார்கள் என்று அதே லூக்கா 10-இல் இருக்கிறது. அந்த இடத்தில் ஒருநாளும் நின்றதில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தபோதுதான் உறைத்தது: அந்த மனுஷன் துணியில்லாமல் கிடந்திருக்கிறான். அந்த வழியாக முதலில் வந்த ஆசாரியனும் லேவியனும் அந்தக் கோலத்தில்தான் அவனைப் பார்த்துவிட்டு விலகிப் போயிருக்கிறார்கள். காயங்களைக் கட்டினான் என்றால், கட்டத் துணி ஏது? வழிப்பிரயாணம் போகிறவன், தன் துணியைத்தான் கிழித்திருப்பான்.

அந்த அம்மாவை அனுப்பியவர் என் ஆண்டவர் என்று முழு மனதோடு விசுவாசிக்கிறேன். வேறு தெய்வத்தின் பெயரைச் சொன்னவரை எப்படி என்று நம் சபையிலேயே ஒருவர் கேட்டார். சமாரியனையும் அன்றைக்கு அப்படித்தானே ஒதுக்கி வைத்திருந்தார்கள், ஐயா. நான் அந்த மடியில் கிடந்தவள். எனக்குச் சந்தேகம் இல்லை.

மற்ற எல்லாருக்கும் தனித்தனியாக எழுதக் கை இடம் கொடுக்கவில்லை. என் வண்டியை ஓரங்கட்டி, சாவியைப் பத்திரமாக வீட்டில் சேர்த்த ஷேர் ஆட்டோ தம்பிக்கு நன்றி. "கேஸ் ஆயிடுமா சார்?" என்று அவர் பயந்தபோது, உதவி செய்தவர் மேல் வழக்கு வராது, 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்று அதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது, பெயரைக்கூடச் சொல்லத் தேவையில்லை என்று பொறுமையாகச் சொல்லி அனுப்பிய போக்குவரத்துக் காவலருக்கும். இது எனக்கே அன்றுவரை தெரியாது. நீங்களும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 108 தம்பிகளுக்கு, ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் ராத்திரி முழுக்க விரல் அசைகிறதா என்று வந்து வந்து பார்த்த நர்ஸ் அக்காவுக்கு, சாப்பாடு கொண்டுவந்த பக்கத்து வீட்டு பாய் வீட்டம்மாவுக்கு, உபவாசமிருந்து ஜெபித்த பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு. சின்னப் பிள்ளைக்கு எதற்கு என்று நான் சொல்லியும் கேட்காமல் மகளுக்கு ஹெல்மெட் வாங்கி வந்த என் தம்பிக்கும். அந்த ஹெல்மெட்டின் இடது பக்கம் பிளந்திருக்கிறது. அவள் தலையில் ஒரு கீறல்கூட இல்லை. தம்பி, உன்னிடம் இதை நேரில் சொல்ல முடியாமல் இரண்டு தடவை அழுதுவிட்டேன்.

கட்டிலில் கிடந்தபடி ஒரு பொருத்தனை பண்ணியிருக்கிறேன். இனி என் வண்டி டிக்கியில் வெள்ளை நூல் போர்வை ஒன்று எப்போதும் இருக்கும். ரோட்டில் யார் விழுந்து கிடந்தாலும், எத்தனை மணிக்கு எங்கே போய்க்கொண்டிருந்தாலும், இறங்கிப் போர்த்தாமல் தாண்டிப் போக மாட்டேன்.

அந்தத் துணி என்னோடு ஆம்புலன்ஸில் வந்துவிட்டது. நீலக் கட்டம் போட்ட பழைய துண்டு, ஒரு மூலையில் சிவப்பு நூலில் ஒட்டுத் தையல். என் அம்மா மூன்று தடவை சோப்புப் போட்டு அலசியும் மீன் வாசனை போகவில்லை. போகாமல் இருப்பதே எனக்கு நிம்மதி. தம்பி இரண்டு நாள் விடியற்காலையில் காசிமேட்டுக்குப் போய்த் தேடினான், கிடைக்கவில்லை. உங்கள் தெருவுக்கு அவர் மீன் கொண்டுவந்தால் சொல்லுங்கள்: துணி பத்திரமாக இருக்கிறது, கட்டுப் பிரித்ததும் நானும் பிள்ளையும் எடுத்துக்கொண்டு வருகிறோம், சங்கரா ஒரு கூறு எங்களுக்கென்று எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.